பதினேழாம் பக்கத்துக்காரர்கள்

இந்தக் காலத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற மனுஷனைப் பார்ப்பது அபூர்வமாகிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எந்த பஸ் என்று கேட்டால் ஒருத்தன் போனை எடுத்துத் தடவுகிறான். இன்னொருத்தன் அங்கே என்ன சோலி என்று விசாரிக்கிறான். மூன்றாவது ஆள், பஸ்ஸெல்லாம் இப்போது முன்னைப் போல இல்லை என்று ஆரம்பித்து டெல்லி வரைக்கும் போய்த் திரும்புகிறான். அதற்குள் பஸ் போய்விடுகிறது. எழுத்து வாசனை இல்லாதவன் இப்படி என்றால் தொலையட்டும் என்று விடலாம். படித்தவன் அதைவிட மோசம். அவனிடம் ஒரு கேள்வியைக் கொடுத்தால் ஒன்பதாகத் திருப்பித் தருவான்.

இது இருளப்பசாமியின் தீர்மானமான அபிப்பிராயம். எழுபத்திரண்டு வயதாகிறது. யாரையும் சட்டென்று நம்புகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. படித்தவர்களை நம்புகிற வழக்கம் அறவே கிடையாது. அவர் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். எண்கள் மட்டும் சரளமாக வரும். ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்ததில் வந்த பழக்கம். அந்த மில் மூடப்பட்டபோது மேடை போட்டு, "விட மாட்டோம்" என்று பேசியவர்கள் அநேகம். பேசி முடித்து, மைக்கை இறக்கி, எல்லாரும் விட்டுவிட்டுப் போனார்கள்.

மனைவி கருத்தம்மாள் இறந்துபோன பிறகு மகன் கௌதம்ராஜ் திருப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஐந்தாவது மாடியில் வீடு. லிப்டில் ஏற இறங்க ஒரு ஆள் துணை வேண்டியிருந்தது. டீ குடிக்க நினைத்தால் மருமகளிடம் சொல்லி, அவள் பேரனிடம் சொல்லி, பேரன் செருப்பைத் தேடி எடுப்பதற்குள் டீ ஆசையே போய்விடும். பதினோராவது நாள் அவர் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு ராஜபாளையத்துக்கு பஸ் ஏறிவிட்டார்.

வந்து ஒதுங்கிய இடம் பஞ்சு மார்க்கெட் பக்கம் சைக்கிள் கடைக்கு மேலே இருக்கிற படிப்பகம். முந்நூற்றுச் சொச்சம் புத்தகம், மூன்று பெஞ்சு, ஒரு மேஜை, சுவரில் தாடிக்காரர் படம், மூலையில் இருளப்பசாமியின் கயிற்றுக்கட்டில். காலையில் பெருக்கித் திறந்து வைப்பார், பொழுது சாய்ந்ததும் பூட்டுவார், அங்கேயே படுத்துக்கொள்வார். சம்பளம் கிடையாது, வாடகையும் கிடையாது. கட்டிடக்காரர் சுந்தரபாண்டியன் பழைய காலத்து மனிதர். "படிப்பு நடக்கிற வரைக்கும் எனக்கு வாடகை வேண்டாம்" என்று சொல்லி, சொன்னபடி நடந்து, போன தை மாதம் போய்ச் சேர்ந்தார்.

படிப்பகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் தவறாமல் வருகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் சுயம்புலிங்கம், ரிட்டயரான வாத்தியார். இன்னொருவர் பாண்டிதுரை, வக்கீல் குமாஸ்தா. இரண்டு பேருமே ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள். ஒரே பஸ்ஸில்தான் வருவார்கள். ஒருவர் டிரைவர் பக்கத்து சீட், மற்றவர் கடைசி சீட். உழவர்கள் பிரச்சினையா, நகரத் தொழிலாளர் பிரச்சினையா, எது முதல் என்பதில் எட்டு வருஷத்துக்கு முன்னால் வந்த மனஸ்தாபம். பஸ்ஸை விட்டு இறங்கி, மாடி ஏறி, "வணக்கம் தோழர்" என்று கை கொடுத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பார்கள்.

அவர்கள் இரண்டு பேரைப் பற்றியும் இருளப்பசாமிக்கு ஒரு ரகசியம் தெரியும்.

ஊருக்கு எடுத்துப் போய்த் திருப்பிக் கொண்டுவருகிற புத்தகங்களில், படித்த இடத்துக்கு அடையாளமாக அவர்கள் பஸ் டிக்கெட்டைச் செருகுவார்கள். தூசி தட்டும்போது இவர் டிக்கெட்டை உருவ மாட்டார். ஆனால் எந்தப் பக்கம் என்று பார்ப்பார். எண்தானே, பார்த்த மாத்திரத்தில் பதிந்துவிடும். அலமாரியின் மேல்தட்டில் இருக்கிற தடிப் புத்தகத்தில் சுயம்புலிங்கத்தின் டிக்கெட் பதினேழாம் பக்கத்தில் இருந்தது. நாலரை ரூபாய் டிக்கெட். இன்றைக்கு அந்தக் காசுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் படியில்கூட நிற்க முடியாது. தத்துவப் புத்தகத்திலும் பதினேழு. சரித்திரப் புத்தகத்தில் பாண்டிதுரையின் டிக்கெட், அதிலும் பதினாறுக்கும் பதினேழுக்கும் நடுவே. இதென்ன கணக்கு என்று ரொம்ப நாள் யோசித்தார். ஒரு தடவை கோர்ட்டு வேலையாக ஸ்ரீவில்லிபுத்தூர் போய்த் திரும்பும்போது விளங்கியது. அங்கே பஸ் கிளம்பி இங்கே வந்து நிற்கிற நேரத்தில் ஒரு மனிதன் பதினேழு பக்கம்தான் படிக்க முடியும். திரும்பிப் போகிற பஸ்ஸில் தூக்கம் வந்துவிடும். அடுத்த ஞாயிறு வேறு புத்தகம்.

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டால்தானே சொல்ல வேண்டும்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் படியேறி வந்தாள். பெயர் சிவரஞ்சனி. ஸ்ரீவில்லிபுத்தூர்தான் ஊர். சத்திரப்பட்டிப் பக்கம் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி மடித்து பாக்கெட் போடுகிற கம்பெனியில் வேலை. இருபத்தாறு வயதிருக்கும். வந்தவள் சுற்றிவளைக்காமல் கேட்டாள்.

"சார், மார்க்சியம் மார்க்சியம்னு சொல்றாகளே, அதப் படிக்கணும்னு இருக்கு. எனக்கு ஒண்ணும் தெரியாது. எதுல இருந்து ஆரம்பிக்கணும்?"

படிப்பகத்துக்குப் புது ஆள் வந்து பல வருஷம் ஆகியிருந்தது. சுயம்புலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"மொதல்ல பொருளாதாரம்மா. அஸ்திவாரம் இல்லாம வீடு கட்ட முடியுமா? அந்தா மேல்தட்டுல இருக்கு பாரு, அதுல மொத அத்தியாயம். கஷ்டமாத்தான் இருக்கும். கஷ்டமா இருந்தாத்தான் அது படிப்பு."

"புதுசா வந்த புள்ளைய அதுக்குள்ள தள்ளிவிட்டா நீச்சலா பழகும்? முங்கித்தான் போகும்" என்றார் பாண்டிதுரை. "சரித்திரம்தான் மொதல்ல. மனுசன் எப்படி வந்தான், நெலம் எப்படி வந்துச்சு."

"தத்துவம் தெரியாம சரித்திரத்த எப்படித் தோழர் பாக்குறது?"

"இப்பத்தான பொருளாதாரம்னீங்க?"

"அதுக்கும் தத்துவம் வேணும்ல."

அன்றைக்கு மத்தியானம் வரை நடந்தது. அந்தப் பெண் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு எழுந்து போனாள். அடுத்த வாரமும் வந்தாள். ஐந்து வாரம் வந்தாள். ஒவ்வொரு வாரமும் இரண்டு பேரும் அவளிடம் ஒரு பட்டியலைக் கொடுத்தார்கள். பட்டியல் நாற்பத்தொரு புத்தகம் வரை வளர்ந்தது. ஒரு புத்தகத்தைக்கூட அவள் கையில் எடுத்துக் கொடுக்கவில்லை. எதை முதலில் கொடுப்பது என்று முடிவாகவில்லையே.

ஐந்தாவது வாரம் படியிறங்கும்போது, பெருக்கிக்கொண்டிருந்த இருளப்பசாமியிடம் நின்று சொன்னாள்.

"தாத்தா, நான் புத்தகம்தான கேட்டேன். சம்பந்தம் பேச வந்த மாதிரில்ல இவிய யோசிக்காக."

அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

வைகாசிக் கடைசியில் சுந்தரபாண்டியனின் மகன் விக்னேஸ்வரன் வந்தான். அட்டைப்பெட்டி செய்து கம்பெனிகளுக்குக் கொடுக்கிற தொழில். நல்ல பையன்தான், குரல் உயர்த்திப் பேச மாட்டான். மேஜை மேல் இருந்த வருகைப் பதிவேட்டைப் புரட்டினான். வருஷக்கணக்காக அதே இரண்டு கையெழுத்து. 'வந்த நோக்கம்' என்ற இடத்தில் ஒவ்வொரு வாரமும் 'விவாதம்' என்று இருந்தது.

"பெரியவரே, எங்க அப்பா குடுத்த வார்த்தை எனக்கும் வார்த்தைதான். படிப்பு நடக்கிற வரைக்கும் வாடகை கேக்க மாட்டேன். ஆனா படிப்பு நடக்குதா?"

இருளப்பசாமி பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். துடைப்பத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"பேச்சு நடக்குது."

"பெட்டி அடுக்க எடமில்லாம ரோட்டுல கெடக்கு. ஆனி ரெண்டாவது ஞாயித்துக்கெழமை பத்தரை மணிக்கு வாரேன். பத்துப் பேரு உக்காந்து படிச்சிக்கிட்டிருந்தா, இந்த ரூமப் பத்தி இனிமே நான் வாயத் தொறக்க மாட்டேன். இல்லைன்னா சாவியக் குடுத்துருங்க. உங்கள நான் தெருவுல விட மாட்டேன், திருப்பூருக்கு டிக்கெட் எடுத்துக் குடுக்கேன்."

தெருவில் விட்டாலாவது பரவாயில்லை என்று இருளப்பசாமி நினைத்தார். லிப்டின் கதவு மூடுகிற சத்தம் காதில் கேட்டது.

அந்த வாரமே விஷயத்தைக் கமிட்டியில் வைத்தார்கள். கமிட்டி என்றால் மூன்று பேர். மூன்றாமவர் மகள் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூர் போனவர், அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. தொடக்கநிலை வகுப்பு ஒன்று நடத்துவது என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆனது. எந்தப் புத்தகத்தில் தொடங்குவது என்று வோட்டெடுப்பு நடந்தது. பொருளாதாரத்துக்கு ஒரு கை. சரித்திரத்துக்கு ஒரு கை.

"இந்தா நான் ஒரு கை தூக்குதேன், ஏதாவது ஒண்ணுக்கு" என்றார் இருளப்பசாமி. "எதுக்குன்னு நீங்களே சொல்லுங்க."

"நீங்க உறுப்பினர் இல்லையே அண்ணாச்சி" என்றார் பாண்டிதுரை வருத்தத்தோடு. "விதி இடங்கொடுக்காது."

"பதினஞ்சு நாள்ல ரூமே இடங்கொடுக்காது."

அடுத்த ஞாயிறு சுயம்புலிங்கம் சிரித்த முகமாக வந்தார். கூடவே ஒரு சாக்குக் கட்டு. சைக்கிள் கடைக்காரர்தான் மேலே தூக்கி வந்து போட்டார். மதுரையில் பழைய புத்தகக் கடை ஒன்றில் தடிப் புத்தகம் பத்துப் பிரதி பாதி விலைக்குக் கிடைத்ததாம். பத்துப் பேருக்குப் பத்துப் புத்தகம், ஆளுக்கொன்று, இனி யார் என்ன சொல்ல முடியும் என்று கட்டைப் பிரித்தார். பாண்டிதுரை ஒன்றை எடுத்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்துப் பார்த்தார். பிறகு பத்தையும் வரிசையாக மேஜை மேல் அடுக்கினார்.

பத்தும் இரண்டாம் பாகம்.

"மொத பாகம் தீந்துபோச்சுன்னு சொன்னான்" என்றார் சுயம்புலிங்கம் மெதுவாக. "நான் அதக் கவனிக்கல."

"ஆரம்பிக்கிறவங்க ரெண்டாம் பாகத்துல ஆரம்பிக்கவா தோழர்?"

"ஏன் கூடாதுங்கிறேன்? மொத பாகத்தோட சாராம்சத்த நான் வாயால சொல்லிர்றேன்."

பதினேழாம் பக்கம் வரைக்குமா என்று கேட்க இருளப்பசாமிக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டார். இவர்களை நம்பினால் திருப்பூர்தான். இரண்டு பேரும் மறுபடி ஆரம்பிப்பதற்குள், அலமாரியின் அடித்தட்டிலிருந்து எதையோ உருவி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு அவர் படியிறங்கினார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிக்குப் பின்னால் மூன்றாவது சந்தில் சிவரஞ்சனியின் வீட்டைக் கண்டுபிடிக்க நாலு பேரிடம் கேட்க வேண்டியிருந்தது. நாலு பேரும் இவர் யார், எதற்காகத் தேடுகிறார் என்று திருப்பிக் கேட்டார்கள். அவளுடைய அம்மா ஆவுடையம்மாள் குழாயடியில் குடம் வைத்திருந்தவள், இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தாள்.

"ஏட்டி, ஒன்னயத் தேடி ஒரு பெரியவரு வந்திருக்காரு. கலியாணத் தரகரு மாதிரி இருக்கு, பாத்துப் பேசு."

சிவரஞ்சனி கம்பெனியில் போடுகிற வெள்ளைக் கோட்டையும் தொப்பியையும் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன தாத்தா, எதுல இருந்து ஆரம்பிக்கணும்னு கண்டுபிடிச்சுட்டாகளா?"

"எங்கத்தா. இப்ப ரெண்டாம் பாகத்துல வந்து நிக்காக."

அவர் சங்கதியைச் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. பத்துப் பேர் வேண்டும், இல்லையென்றால் அறை போய்விடும், அறை போனால் தான் மகன் வீட்டுக்குப் போக வேண்டும், போக மனசில்லை.

"அப்ப படிப்பு மேல உள்ள பிரியத்துல வரல நீங்க."

"படிப்பு மேல எனக்கு என்னத்தா பிரியம். கட்டில் மேல உள்ள பிரியம்."

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது போல. முகத்தைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"சரி. நீங்களே சொல்லுங்க, எதுல இருந்து ஆரம்பிக்கணும்? ஒம்பது வருசமா அந்தப் புத்தகங்களோட படுத்துக் கெடக்கீக."

"நான் தூசி தட்டுதவன். படிக்கிறவன்கிட்ட கேளு."

"தூசி தட்டுறவுகளுக்குத்தான தெரியும், எதுல எம்புட்டுத் தூசின்னு."

முதன்முதலாக ஒரு ஆள் கேட்டுவிட்டது. சொல்ல வேண்டியதாயிற்று. டிக்கெட்டுகளைப் பற்றி, பதினேழாம் பக்கத்தைப் பற்றி, பஸ் ஓடுகிற நேரத்தைப் பற்றி எல்லாம் சொன்னார். சிவரஞ்சனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குழாயடியிலிருந்து ஆவுடையம்மாள் எட்டிப் பார்த்தாள். தரகர் இவ்வளவு சிரிக்க வைக்க மாட்டாரே என்று அவளுக்குச் சந்தேகம்.

இருளப்பசாமி மஞ்சள் பையிலிருந்து எடுத்து நீட்டினார். அட்டை இல்லாத, உள்ளங்கை அகலத்தில் ஒரு மெல்லிய புத்தகம். யார் எழுதியது, எப்போது அச்சடித்தது என்று எந்த விவரமும் இல்லை. உள்ளே கேள்வி, பதில், கேள்வி, பதில். பெரிய எழுத்து.

"இது ஒண்ணுதான் கடைசிப் பக்கம் வரைக்கும் அழுக்கா இருக்கு. பாரு, மெசின் எண்ணெ. மில்லுக்காரன் கை. ஒருத்தன் ரெண்டு பேரு இல்ல, நூறு பேராவது பெரட்டிருப்பான். யாரு எழுதுனதுன்னு தெரியாதத எப்படிப் படிக்கிறதுன்னு அவிய ரெண்டு பேரும் அடித்தட்டுல தள்ளிட்டாக."

"நல்ல புத்தகமா தாத்தா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? கூட்டம் நிக்கிற கடைல பலகாரம் நல்லா இருக்கும்பாக. நம்பி வாங்கித் தின்னு ரெண்டு நாள் வயிறு கழண்டு கெடந்திருக்கேன்."

அவள் முதல் பக்கத்தை வாசித்தாள். அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை. முதல் பக்கத்தையே மறுபடி வாசித்தாள்.

"பத்துப் பேரு கூட்டியாரேன். ஆனா எங்களுக்கு வாரத்துல ஒரு நாதான் லீவு. துணி தொவைக்கணும், தலைக்கு ஊத்தணும். அத விட்டுட்டு வருவாக. ஒரு கண்டிசன் தாத்தா. அந்த ரெண்டு சாரும் வாயத் தொறக்கக் கூடாது."

"அது ஆண்டாளே நேர்ல வந்து சொன்னாலும் நடக்காதே, தாயி."

"ஆண்டாளுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும்ல" என்றாள் அவள். "பதினேழாம் பக்கம்."

ஆனி இரண்டாவது ஞாயிறு. பத்து மணிக்குப் பதினொரு பெண்கள் மாடியேறினார்கள். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ்ஸில் வந்தவர்கள். கண்டக்டர், எல்லாரும் ஒரே கல்யாணத்துக்கா என்று கேட்டானாம். அவர்களில் மூத்தவள் சீனியம்மாள், ஐம்பது வயது, எதற்கும் அசராதவள். வாயாடி மாரிக்கனி. மற்றவர்கள் பெஞ்சிலும் தரையிலும் உட்கார்ந்தார்கள். இடம் போதாமல் நாலு பேர் இருளப்பசாமியின் கட்டிலில் உட்கார்ந்தார்கள். அவருக்கு என்னவோ போல் இருந்தது.

அதற்கு முன்பே அவர் சுயம்புலிங்கத்தையும் பாண்டிதுரையையும் படிக்கட்டில் மடக்கிப் பேசியிருந்தார்.

"வாத்தியாரே, குமாஸ்தாவே, ரெண்டு பேரும் கேளுங்க. உள்ள போயி உக்காரலாம். வாயத் தொறந்தா, எந்தப் புத்தகத்துல யாரோட பஸ் டிக்கெட்டு எத்தனாவது பக்கத்துல இருக்குன்னு அம்புட்டு பொம்பளைக முன்னாலயும் வரிசையாச் சொல்லுவேன். எனக்கு மனப்பாடம்."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரே பெஞ்சில் அருகருகே உட்கார்ந்தார்கள்.

சிவரஞ்சனி அட்டையில்லாத புத்தகத்தைப் பிரித்து வாசித்தாள்.

"கேள்வி ஒன்று. நீ ஒரு நாள் வேலைக்குப் போகவில்லை என்றால் யாருக்கு நட்டம்?"

பதிலை வாசிக்க அவளுக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

"இதென்ன கேள்வி, எனக்குத்தான்" என்றாள் கட்டிலில் இருந்த ஒருத்தி. "அன்னைக்குச் சம்பளம் இல்ல."

"நீ போகலைன்னா ஒன் டேபிள்ல துணி மடிக்கிறது யாரு? பாக்கெட்டு எப்படிப் போகும்? கம்பெனிக்குத்தான் நட்டம்."

"கம்பெனி வேற ஆள வச்சுக்கிடும்."

"பழகாத ஆளு நீ மடிக்கிறதுல பாதிகூட மடிக்க மாட்டா."

"எங்க வீட்ல மாமியாளுக்குத்தான் நட்டம்" என்றாள் மாரிக்கனி. "நான் வீட்ல இருந்தா அவ அன்னைக்கு நிம்மதியா டிவி பாக்க முடியாது."

சிரிப்பு எழுந்தது. சீனியம்மாள் சிரிக்கவில்லை.

"செத்த நேரம் இருங்கட்டி. ஒரு நா போகலைன்னா எனக்கு ஒரு நாச் சம்பளம் நட்டம். கம்பெனிக்கும் அதே அளவுதான் நட்டமா, கூடவா? கூடன்னா, அந்தக் கூட உள்ளது நான் போற நாள்ல எங்க போகுது?"

சுயம்புலிங்கத்தின் உடம்பு பெஞ்சிலிருந்து அரை அடி எழுந்தது. தடிப் புத்தகத்தின் சாரமே அதுதான் என்று சொல்ல அவருக்கு நெஞ்சு துடித்தது. இருளப்பசாமி ஒற்றை விரலை நீட்டி ஒன்று, பிறகு ஏழு விரல்களை விரித்து ஏழு என்று காட்டினார். வாத்தியார் உட்கார்ந்துவிட்டார்.

பேச்சு சூடேறி, ஒருத்தி சொல்வதை இன்னொருத்தி கேட்காமல் ஏழெட்டுக் குரல் ஒரே சமயத்தில் எழும்பிய நேரத்தில் விக்னேஸ்வரன் வாசலில் வந்து நின்றான். மணி சரியாகப் பத்தரை.

இருளப்பசாமி அறையைச் சுற்றிப் பார்த்தார். ஒருத்திகூட படித்துக்கொண்டிருக்கவில்லை. புத்தகம் சிவரஞ்சனியின் மடியில் கிடந்தது. சந்தைக்கடை மாதிரி ஒரே கூச்சல்.

விக்னேஸ்வரன் கண்ணாலேயே தலைகளை எண்ணினான். அவனை யார் என்று தெரியாத சீனியம்மாள் ஏறிட்டுப் பார்த்தாள்.

"ஏன் தம்பி வாசல்ல நிக்கீக? வெக்கப்படாம வந்து உக்காருங்க. நாங்களும் இன்னைக்குத்தான் ஆரம்பிச்சிருக்கோம்."

"இல்ல, நான்…"

"சும்மா உக்காருங்க. லேட்டா வந்தவுகளுக்கும் இதே கேள்விதான். நீங்க ஒரு நா வேலைக்குப் போகலைன்னா யாருக்கு நட்டம்?"

எல்லாரும் அவனையே பார்த்தார்கள். விக்னேஸ்வரன் நேர்மையான பையன். கேட்ட கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்கிற புத்தி எப்படியோ அவனிடம் மிச்சமிருந்தது. உட்கார்ந்து யோசித்தான்.

"நான் போகலைன்னா… ஒண்ணும் ஆகாது. வேல பாட்டுக்கு நடக்கும். மேனேசர் பாத்துக்கிடுவாரு." பிறகு, "போன மாசம் பத்து நாள் நான் போகவே இல்ல. கொடைக்கானல்ல இருந்தேன்" என்றான்.

"ஒரு நாள்கூட நட்டம் இல்லையா?" என்று கேட்டாள் மாரிக்கனி.

"இல்ல."

"சம்பளம்?"

"எனக்கு எங்க சம்பளம். லாபம்தான். அது வந்துச்சு."

மாரிக்கனி எதையோ சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டாள். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்த மாதிரி விக்னேஸ்வரன் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தான். போச்சு, சாவியைக் கேட்கப்போகிறான் என்று இருளப்பசாமி இடுப்பில் செருகியிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"இதுக்கு அந்தப் புத்தகத்துல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டான் விக்னேஸ்வரன்.

சிவரஞ்சனி எழுந்து வந்து அவன் கையிலேயே கொடுத்தாள். அவன் வாய்விட்டு வாசித்தான்.

"பதில். இதைப் பிறர் சொல்லிக் கேட்காதே. எல்லாரும் சேர்ந்து ஒரே ஒரு நாள் போகாமல் இருந்து பார். மறுநாள் உன்னைத் தேடி வருகிறவரிடம் கேள்."

புத்தகத்தை மூடினான். முன்னும் பின்னும் திருப்பி, இல்லாத அட்டையைத் தேடினான்.

"இது எத்தன பிரதி இருக்கு?"

"ஒண்ணுதான்" என்றாள் சிவரஞ்சனி.

"நல்லதாப் போச்சு. தயவுசெஞ்சு எங்க கம்பெனி ஆளுகள்ட்ட மட்டும் குடுத்துறாதீங்க."

முதலில் சீனியம்மாள்தான் சிரித்தாள். அப்புறம் எல்லாரும். விக்னேஸ்வரனும் சிரித்தான், ஆனால் அவன் சிரிப்பு மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் முன்னாடியே நின்றுவிட்டது. பதிவேட்டை இழுத்துத் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டான். 'வந்த நோக்கம்' என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்துவிட்டு, 'படிப்பு' என்று எழுதினான்.

"அப்பா சொன்னது சொன்னதுதான். ரூம வச்சுக்கோங்க" என்றான். போகிறவன் திரும்பி, "பெரியவரே, இத்தன பேரு வந்தா இந்தக் கட்டில எங்க போடுவீங்க?" என்று கேட்டான்.

அதை அவர் யோசிக்கவே இல்லை. பெண்கள் உடனே யோசித்துவிட்டார்கள். அடுத்த வாரம் இன்னும் ஏழு பேர் வரப்போகிறார்களாம். கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாத்தலாம் என்றாள் ஒருத்தி. படிக்கட்டு வளைவில் போட்டுவிடலாம் என்றாள் இன்னொருத்தி. கைதூக்கி முடிவு செய்யலாம் என்றாள் மாரிக்கனி. வோட்டெடுப்பு என்றதும் பாண்டிதுரைக்கு முகம் மலர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிமிர்த்தி வைப்பது என்று பதினொரு கைகள் உயர்ந்தன. இருளப்பசாமியை யாரும் கேட்கவில்லை.

"நான் காப்பாத்துன ரூம்ல என் கட்டிலு செங்குத்தா நிக்கப்போகுது" என்றார்.

"அது அரை நாளைக்குத்தான் தாத்தா" என்றாள் சிவரஞ்சனி. "நீங்களும் சொல்லுங்க. நீங்க ஒரு நா பெருக்கலைன்னா யாருக்கு நட்டம்?"

"யாருக்கும் நட்டமில்ல. தூசிக்கு லாபம்."

"இப்பவாவது இந்தப் புத்தகத்த நம்புறீகளா?"

அவர் அதன் கறுத்துப்போன ஓரங்களைப் பார்த்தார். அந்த எண்ணெய்க் கறைகளில் ஒன்றிரண்டு கைகளை அவருக்குத் தெரிந்தும் இருக்கலாம்.

"நூறு பேரு படிச்ச புத்தகம்னு நாந்தான் ஒனக்குச் சொன்னேன். அந்த நூறு பேரும் ஒரு நா இல்ல, நாப்பத்தியொரு நாள் சேந்தாப்புல போகாம இருந்தாக. நானும்தான் இருந்தேன். மறுநா யாரும் தேடி வரல. மில்லு இருந்த எடத்துல இப்ப கலியாண மண்டபம் இருக்கு. அதப் பத்தி இந்தப் புத்தகத்துல ஏதாவது கேள்வி இருக்கா?"

சிவரஞ்சனி பக்கங்களைப் புரட்டினாள். சீனியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் அம்புட்டு தூரம் போகல தாத்தா. ரெண்டாவது கேள்விக்கே இப்பத்தான் வாறோம்."

"போயிப் பாருங்க. நான் டீ குடிச்சிட்டு வாரேன்."

"உக்காருங்க தாத்தா. நீங்க சொன்னதையே கடைசிக் கேள்வியா எழுதிச் சேத்துக்கிடுவோம்."

"ஏற்கெனவே எழுதுனதுக்கே பதில் சரியா வரல. இதுல சேக்க வேற வேணுமாக்கும்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். பாதிப் படியில் மேலே சுயம்புலிங்கத்தின் குரல் கேட்டது. அவர் வெளியேறிய உடனே தைரியம் வந்துவிட்டது போலிருக்கிறது. "இரண்டாவது கேள்விக்குப் போறதுக்கு முன்னால தத்துவரீதியா ஒரு வார்த்தை…" என்று ஆரம்பித்தார். "ஏன், சரித்திரரீதியா சொன்னா என்ன?" என்றார் பாண்டிதுரை. "ரெண்டு பேரும் கைய மடியில வச்சிக்கிட்டு உக்காருங்க சார்" என்றாள் சீனியம்மாள்.

இருளப்பசாமி திரும்பிப் பார்க்கவில்லை. மார்க்கெட்டில் வெயில் ஏறியிருந்தது. பெஞ்சு தேயத் தேயப் படித்தாலும் இந்த உலகத்தில் ஒன்றும் மாறப்போவதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, எதிர்த்தாற்போல் இருந்த டீக்கடையை விட்டுவிட்டு, சத்தம் கேட்காத அடுத்த தெரு டீக்கடையைப் பார்த்து நடந்தார்.